அரை மணி நேரத்தில் 42 டிகிரி: ஃபால்மத் 1978

1978 ஆகஸ்ட். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வுட்ஸ் ஹோல் என்ற சிறு துறைமுகத்தில் தொடங்கி ஃபால்மத் ஹைட்ஸ் கடற்கரையில் முடியும் 7 மைல் ஓட்டம். நம் கணக்கில் 11.3 கிலோமீட்டர். ஒரிகன் பல்கலைக்கழக மாணவர் ஆல்பர்ட்டோ சலாசாருக்கு அந்த மாதம்தான் 20 வயது நிறைந்திருந்தது. முன்னால் ஓடியவர் அன்றைய மாரத்தான் நட்சத்திரம் பில் ராட்ஜர்ஸ். சலாசார் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டே ஓடினார். கடைசிப் பகுதியில் கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. பத்தாவதாக வந்து சரிந்தார். உடல் வெப்பம் 42 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. ஐஸ் போட்ட தொட்டிக்குள் இறக்கினார்கள். பிழைக்க மாட்டார் என்று நினைத்து, சாகக் கிடப்பவருக்குக் கத்தோலிக்க முறைப்படி செய்யும் இறுதிச் சடங்கையும் செய்துவிட்டார்கள்.

அவர் பிழைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க் மாரத்தானை மூன்று முறை ஜெயித்தார். (பின்னாளில் பயிற்சியாளராக அவர் தடை செய்யப்பட்டது வேறு கதை, இங்கே வேண்டாம்.)

இது தார்ச்சாலை ஓட்டம் ஆயிற்றே, ட்ரெயில் ரன்னிங், அதாவது காட்டுப்பாதை ஓட்டம், பற்றிய ஆய்வுக்கு இதை ஏன் எடுக்க வேண்டும்? புழுக்கத்தில் ஓடும் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. இதே மனிதர் 1982இல் இன்னொரு முறை ஓடி முடித்துச் சரிந்தார். 1984இல் விஞ்ஞானிகள் அவரை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தார்கள். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நம் ஓட்டக் குழுக்களில் புழங்கும் அறிவுரையில் பாதி ஆட்டம் கண்டுவிடும். அதோடு, ஃபால்மத்தில் அவரைச் சாய்த்த கணக்கு காட்டுப்பாதை ஏற்றத்தில் இன்னும் மோசமாக வேலை செய்கிறது.

தண்ணீர் போதவில்லையா?

யாராவது ஓடி விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் முதலில் சொல்வது இதுதான்: "தண்ணியே குடிக்காம ஓடியிருப்பான்." உடனே யாராவது ஒருவர் கையிலிருக்கும் பாட்டிலை அவர் வாயில் வைப்பார்.

நேரத்தைப் பாருங்கள். ராட்ஜர்ஸ் அன்று ஜெயித்தது 32 நிமிடம் 21 விநாடியில். சலாசார் அதற்குச் சற்றுப் பின்னால் வந்தார். பிற்பாடு அளந்தபோது தெரியவந்த அவருடைய உச்ச வியர்வை அளவு மணிக்கு 3.7 லிட்டர். மனிதர்களில் பதிவானவற்றில் மிக அதிகமான அளவுகளில் ஒன்று அது. அன்றைக்கும் அவர் அந்த அளவுக்கே வியர்த்தார் என்று வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் போனது 2 லிட்டர். சுமார் 67 கிலோ உடம்புக்கு அது 3 சதவீதம். 3 சதவீதம் இழந்து ஓடி முடிப்பவர்களை எந்த மாரத்தானிலும் பார்க்கலாம். அதற்காக அவர்கள் 42 டிகிரிக்குப் போய்விடுவதில்லை.

இப்போது சூட்டின் கணக்கு. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். சலாசாரின் எடையோடு மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு 1,400 கிலோகலோரி. சமதளத்தில் இது ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அந்த உடம்பை ஒரு டிகிரி சூடாக்க 56 கிலோகலோரி போதும். சூடு துளியும் வெளியே போகாமல் அடைத்து வைத்தால் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். ஓட்டம் முடிவதற்குள் 13 டிகிரியைத் தாண்டிவிடும். அன்று ஏறியது சுமார் 5 டிகிரி. அதாவது, உண்டான சூட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உடம்பு வெளியே தள்ளிவிட்டது. மீதியைத் தள்ள முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்த அரை மணி நேரத்தில் அவர் எவ்வளவு குடித்திருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறியிருக்காது. கிலோமீட்டருக்கு அரை நிமிடம் மெதுவாக ஓடியிருந்தால் மாறியிருக்கும்.

இதை ஒப்புக்கொள்ளத் தயங்குபவர்களுக்கு 1982 பாஸ்டன் மாரத்தான். ஏப்ரல் மாதம், நல்ல வெயில், புழுக்கம் இல்லை. சலாசாரும் டிக் பியர்ட்ஸ்லியும் கடைசி வரை தோளோடு தோள் ஓடினார்கள். சலாசார் 2:08:52, பியர்ட்ஸ்லி 2:08:54. வழியில் சலாசார் ஏறக்குறைய ஒன்றுமே குடிக்கவில்லை. முடிந்ததும் சரிந்தார். நரம்பு வழியாக 6 லிட்டர் திரவம் ஏற்ற வேண்டியிருந்தது. ஆனால் அப்போது அவர் உடல் வெப்பம் 88 ஃபாரன்ஹீட், அதாவது 31 டிகிரி செல்சியஸ் என்கிறார்கள். எங்கே வைத்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண்ணைச் சற்றுச் சந்தேகப்படலாம். கொதிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஒரே ஆள், இரண்டு சரிவுகள். முதலாவதில் அளவுக்கு மீறிய சூடு, நீரிழப்பு சொற்பம். அடுத்ததில் கடுமையான நீரிழப்பு, சூடு இல்லை. நீரிழப்பு சூட்டை ஏற்ற உதவும் என்பது உண்மைதான்: ரத்தத்தின் அளவு குறையும், தோலுக்குப் போகும் ஓட்டம் குறையும், வியர்வையும் மட்டுப்படும். மூன்று நான்கு மணி நேர ஓட்டத்தில் அது பெரிய விஷயம். ஆனால் இரண்டும் ஒரே நோய் அல்ல. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் வேலை செய்யாது.

23 டிகிரியில் ஹீட் ஸ்ட்ரோக்

ஃபால்மத் ஓட்டத்தின் 18 ஆண்டு மருத்துவப் பதிவுகளைத் தொகுத்து ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் அங்கே ஹீட் ஸ்ட்ரோக் (உடம்பு அளவுக்கு மீறிச் சூடேறி மூளை தடுமாறும் நிலை) வந்தவர்கள் 274 பேர். ஆயிரம் பேர் ஓடி முடித்தால் இரண்டு பேருக்குச் சற்று மேல். சிகிச்சைக்குச் சேர்த்தபோது அவர்களின் சராசரி உடல் வெப்பம் 41.4 டிகிரி. அந்த ஓட்ட நாட்களின் சராசரிக் காற்று வெப்பம் எவ்வளவு தெரியுமா? 23 டிகிரியை ஒட்டி. நாம் படுக்கையறையில் ஏசியை வைக்கும் அளவு. ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம். ஓடுபவர்களோ 11 கிலோமீட்டர்தானே என்று முழு வேகத்தில் போகிறவர்கள்.

தூரம் குறைவு என்பதே இங்கே ஆபத்து. மாரத்தானில் அந்த வேகத்தில் ஓட முடியாது, கால் முதலில் மறுத்துவிடும். 10 கிலோமீட்டரில் கால் மறுப்பதற்கு முன்பே உடம்பு கொதித்துவிடும். அதனால் மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில் வருகிறவரைவிட, நன்றாகப் பயிற்சி எடுத்த, விட்டுக்கொடுக்காத ஆள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்.

புழுக்கம் என்ன செய்கிறது? வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலிருந்தே ஆவியானால் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தரையில் சொட்டும் வியர்வை ஒன்றையும் எடுத்துப் போவதில்லை. மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காயாத கதைதான்: காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் புதிதாக வாங்கிக்கொள்ள இடமில்லை.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஓடுபவரின் நனைந்த தோல் 35 டிகிரியில் இருந்தால் அதன் மேல் நீராவி அழுத்தம் 56 மில்லிபார். காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் காற்றின் நீராவி அழுத்தம் 15 மில்லிபார். இடைவெளி 41. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் 38 மில்லிபார். இடைவெளி வெறும் 18. வியர்வையைத் தோலிலிருந்து இழுக்கும் விசை இந்த இடைவெளிதான். 40 டிகிரி வறண்ட காற்று மேலே வந்து சுடும் என்பது உண்மை. ஆனாலும் வியர்வை வேலை செய்யும். 30 டிகிரி புழுக்கத்தில் நனைந்த சட்டையோடு கசகசவென்று ஓடிக்கொண்டே இருப்போம், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. காலை ஆறு மணிக்கு வானிலைச் செயலி ஈரப்பதம் 85 சதவீதம் என்று காட்டும், மதியம் 50 என்று காட்டும். உடனே "காலையிலதான் புழுக்கம் ஜாஸ்தி, பத்து மணிக்கு மேல ஓடலாம்" என்று ஒருவர் கிளம்புவார். சென்னைக் கோடையில் 28 டிகிரி, 85 சதவீதம் என்றால் நீராவி அழுத்தம் 32 மில்லிபார். 37 டிகிரி, 50 சதவீதம் என்றால் 31. காற்றில் இருக்கும் ஈரம் கிட்டத்தட்ட அதேதான். சதவீதம் இறங்கியதற்குக் காரணம் காற்று சூடானது மட்டுமே. காலையில் வெயிலும் இல்லை, காற்றும் தோலைவிடக் குளிர்ச்சி, ஆகவே காலையே மேல். சதவீதத்தைப் பார்க்காமல் பனிப்புள்ளியைப் பார்ப்பது நல்லது. எந்த வெப்பத்தில் காற்று ஈரத்தை விடத் தொடங்குமோ அந்த வெப்பம் அது. பெரும்பாலான செயலிகளில் உண்டு. 24, 25 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்குக் கடிகாரத்தோடு போட்டி வேண்டாம்.

காட்டுக்குள்

இனிதான் நம் விஷயம். காட்டுப்பாதையில் நிழல் இருக்கிறது, வேகமும் குறைவு, ஆகவே சாலையைவிடப் பாதுகாப்பு என்பது பரவலான நம்பிக்கை. பாதி சரி. மரநிழல் தலைக்கு மேல் இறங்கும் வெயிலை வாங்கிக்கொள்கிறது, அது பெரிய லாபம். மீதிப் பாதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

70 கிலோ ஆள் சமதளத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு 560 கிலோகலோரி சூடு உண்டாகும். அதே ஆள் செங்குத்தான ஏற்றத்தில், மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் கையை முட்டியில் ஊன்றி நடக்கிறார், மணிக்கு 800 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று வைப்போம். மொத்தச் செலவு 700 கிலோகலோரியை ஒட்டி வரும். அதில் 130 உடம்பை மேலே தூக்கியதில் போய்விடும். மீதி 570 சூடு. ஓடியபோது உண்டான அதே அளவு.

ஆனால் ஓடும்போது நாமே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறோம். மணிக்கு 8 கிலோமீட்டரில் ஓடுபவர் மீது அந்த வேகத்துக்குக் காற்று வீசும். ஏற்றத்தில் அது 3 கிலோமீட்டர்தான். அடர்ந்த காட்டுக்குள் வெளிக்காற்றும் நுழையாது. தோலை உரசிப் போகும் காற்று அந்த அளவுக்குக் குறைந்தால் ஆவியாதல் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆக, உண்டாவது ஓட்டக்காரரின் சூடு, வெளியேற்ற வழி நடப்பவருக்கு உள்ளது. "நான் மெதுவாத்தான் போறேன்" என்ற நினைப்பு வேறு. கைக்கடிகாரத்தில் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. இதயத் துடிப்பைப் பார்ப்பவருக்குத் தெரியும்: அதே ஏற்றத்தில், அதே வேகத்தில், போன வாரத்தைவிடத் துடிப்பு பதினைந்து இருபது கூடியிருந்தால் அது சோம்பல் அல்ல. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திரும்பிவிட்டது, தசைக்குக் குறைந்துவிட்டது, இதயம் ஈடுகட்டுகிறது.

முதுகுப் பை இன்னொரு சங்கடம். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பையோடு ஒட்டிக்கிடக்கும் முதுகிலிருந்து ஒன்றும் ஆவியாவதில்லை. தண்ணீரைச் சுமப்பதற்காக வியர்வை ஆவியாகும் இடத்தை அடைத்துவிடுகிறோம். வழியில் தண்ணீர் நிரப்ப இடம் இருந்தால் கையில் பாட்டிலோ இடுப்பு பெல்ட்டோ போதும். காப்புக் காட்டுக்குள் அப்படி இடமில்லாத பாதைகளில் பை வேண்டும்தான். அப்போது வேகத்தைக் குறைத்துத்தான் ஈடுகட்ட முடியும்.

அட்டை கடிக்கும், உண்ணி ஏறும் என்று முழங்கால் வரை சாக்ஸும் முழுக்கைச் சட்டையும் போடுகிறவர்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைச்சரிவுகளில் அதைத் தவறென்று சொல்ல முடியாது. மெல்லிய துணியாகப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

இறக்கம் இதற்கு நேர் எதிர். தசை செலவழிப்பது குறைவு, வேகம் அதிகம், காற்றும் அதிகம். உடம்பு குளிர்வது இறக்கத்தில்தான். புழுக்கமான நாளில் பாதையைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் ஒரே மூச்சில் ஏழெட்டு கிலோமீட்டர் ஏறும் பாதையைவிட, ஏறி இறங்கி ஏறும் பாதை எவ்வளவோ மேல். நீண்ட ஏற்றம்தான் வாய்த்தது என்றால் நடுவில் காற்று வீசும் முகட்டில் நின்று மூச்சு வாங்குவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது? வறண்ட ஊரில் அருமையான வழி. புழுக்கத்தில் தோல் ஏற்கெனவே நனைந்திருக்கிறது, மேலும் நனைப்பதால் ஆவியாவது கூடப்போவதில்லை. பாட்டிலில் சூடேறிப்போன தண்ணீரை ஊற்றினால் மனசுக்குத்தான் இதம். அந்த இதத்தில் வேகத்தைக் கூட்டிவிடுவோம் என்பதுதான் கவலை. ஓடைத் தண்ணீர், ஐஸ் என்றால் கதை வேறு, அது நேரடியாகவே சூட்டை இழுக்கும். தொப்பிக்குள் ஐஸ், கழுத்தில் ஐஸ் சுற்றிய துண்டு, ஓடையில் முழங்கை வரை கையை அமிழ்த்தி நிற்பது எல்லாம் புழுக்கத்திலும் வேலை செய்யும்.

1984: அளந்து பார்த்தார்கள்

லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு முன்பு அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் விஞ்ஞானிகள் சலாசாரைச் சூட்டறையில் ஓடவிட்டு அளந்தார்கள். சூட்டுக்குப் பழக்கினார்கள். மணிக்கு 3.7 லிட்டர் என்று மேலே சொன்ன எண் அந்த ஆய்விலிருந்து வந்ததுதான். ஒலிம்பிக் மாரத்தானில் அவர் 5.4 கிலோ இழந்தார், உடல் எடையில் 8 சதவீதத்துக்குச் சற்று மேல். ஹீட் ஸ்ட்ரோக் வரவில்லை. 2:14:19இல் 15ஆவதாக முடித்தார். ஜெயித்தவர் 37 வயது போர்ச்சுகீசியர் கார்லோஸ் லோபஸ்.

1978இல் சுமார் 3 சதவீதத்தோடு சாவின் வாசல் வரை போனவர் 1984இல் 8 சதவீதத்தோடு நடந்து வெளியேறினார். பழக்கம் எவ்வளவு செய்யும் என்பதும், எவ்வளவு செய்யாது என்பதும் இதில் தெரிகிறது. சூட்டில் தினமும் ஒரு மணி நேரம் போல உழைத்தால் 7 முதல் 14 நாட்களில் உடம்பு மாறும்: ரத்தத்தில் நீர் கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு இறங்கும். ஏசி அலுவலகத்தில் ஒரு மாதம் இருந்தால் இதில் பெரும்பகுதி போய்விடும். பெங்களூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் கடலோரத்துக்கு இறங்கி வந்து ஓடுபவர்கள் எவ்வளவு பயிற்சி எடுத்திருந்தாலும் முதல் வாரம் அடக்கி வாசிக்க வேண்டியது இதனால்தான். ஆனால் புழுக்கத்தில் கூடுதலாக வரும் வியர்வையில் நிறைய சொட்டித்தான் போகும். பழக்கம் இதயத்தைக் காப்பாற்றும், காற்றின் ஈரத்தை அதனால் குறைக்க முடியாது.

சலாசாரின் எண் தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்கிறது. மணிக்கு 3.7 லிட்டர் போகிறது, வயிறும் குடலும் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான் உள்ளே விடும். ஈடுகட்டவே முடியாது. முயன்றால் வயிற்றில் தளும்பும், வாந்தி வரும். நம் போன்றவர்கள் அவ்வளவு வியர்ப்பதில்லை. ஆனால் ட்ரெயிலில் நான்கைந்து மணி நேரம் மெதுவாகப் போகிறவர்களுக்கு எதிர்த்திசை ஆபத்து உண்டு: தாகத்துக்கு மேல் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்துப் பார்த்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, மூன்று பேருக்கு உயிராபத்தான அளவில். ஓடி முடித்தபோது தொடங்கியதைவிட எடை கூடியிருந்தவர்களிடம் அது அதிகம். தாகத்துக்குக் குடிப்பது, நீண்ட ஓட்டத்தில் உப்பும் சேர்ப்பது, இது போதும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் அந்த வகையில் அதைவிடப் பொருத்தம்.

விழுந்த இடத்திலேயே

1984 லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு காட்சி. முதன்முதலாக நடந்த பெண்கள் ஒலிம்பிக் மாரத்தானில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் மைதானத்துக்குள் உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்து, ஒரு கால் இழுபட நுழைந்தார். கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆனது. மருத்துவர்கள் பக்கத்திலேயே வந்தார்கள். அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, தொடரலாம் என்று விட்டார்கள். அவர் முடித்தார், சீக்கிரமே தேறினார். ஆனால் வியர்வையை வைத்து முடிவெடுப்பதை இன்று யாரும் சிபாரிசு செய்வதில்லை. தோல் வறண்டு போவது, வெயிலில் கிடந்த முதியவர்களுக்கு வரும் ஹீட் ஸ்ட்ரோக்கின் அடையாளம். ஓடி விழுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். பார்க்க வேண்டியது புத்தியை. பெயர் கேட்டால் தடுமாறுகிறாரா, காரணமில்லாமல் கோபப்படுகிறாரா, உளறுகிறாரா, தப்பான திசையில் நடக்கிறாரா, அப்படியானால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உறுதிப்படுத்த ஆசனவாய் வழியாக வைக்கும் தெர்மாமீட்டர் மட்டுமே நம்பத்தக்கது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டிய கருவி வியர்த்த நெற்றியில் பொய் சொல்லும்.

ஃபால்மத்தின் 274 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. காரணம் எந்த மருந்தும் அல்ல, ஐஸ் தண்ணீர்த் தொட்டி. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே தயாராக இருக்கும். நிமிடத்துக்கு 0.22 டிகிரி வீதம் இறங்கியது. 41.4லிருந்து 39க்குக் கீழே வர பதினோரு பன்னிரண்டு நிமிடம். அரை மணி நேரத்துக்குள் 40க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் ஏறக்குறைய எல்லோருமே தப்பிக்கிறார்கள். அதற்கு மேல் போகப் போகக் கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். அதனால்தான் முதலில் குளிர்விப்பது, பிறகு ஆம்புலன்ஸ் என்பது இன்று விதியாகிவிட்டது. இதை அதிகம் வலியுறுத்துகிறவர்களில் ஒருவர் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் காசா. பதினாறு வயதில், 1985இல், ஓடும்போது தானே ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்து பிழைத்தவர்.

மலையடிவாரத்தில் ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம், காட்டுக்குள் ஆளைத் தூக்கிவர இன்னொரு மணி நேரம் ஆகும் இடத்தில் இந்த விதி இன்னும் கறாராகப் பொருந்தும். தொட்டி இல்லையே என்றால் தார்ப்பாய் இருக்கிறது. ஆளைத் தார்ப்பாயில் படுக்கவைத்து, நான்கைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, முப்பது நாற்பது லிட்டர் தண்ணீரும் ஐஸும் ஊற்றி, ஆட்டிக்கொண்டே இருந்தால் தொட்டிக்கு ஓரளவு நெருங்கிய வேகத்தில் சூடு இறங்குகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உரக்கடையில் கிடைக்கும் சாதாரணத் தார்ப்பாய் போதும். ஒவ்வொரு எய்ட் ஸ்டேஷனிலும் (ஓடுபவர்களுக்கு வழியில் தண்ணீரும் உதவியும் தரும் இடம்) அதுவும், ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த இரண்டு பேரும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. பதக்கமும் டி-ஷர்ட்டும் அச்சடிக்கும் செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது.

ஐஸும் இல்லையென்றால் ஓடை. 20 டிகிரி தண்ணீரே நன்றாகக் குளிர்விக்கும். ஆழமில்லாத இடத்தில் கழுத்து வரை அமிழ்த்தி, அக்குள் வழியாக ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். தலை தண்ணீருக்கு மேலே, ஒரு கணமும் கை விடாமல். அதுவும் இல்லாத காய்ந்த பாதையில் இருக்கிற தண்ணீரில் துண்டை நனைத்து உடம்பு முழுவதும் போர்த்தி, மாற்றி மாற்றி விசிற வேண்டியதுதான். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மட்டும் ஐஸ் பொட்டலம் வைப்பது ரொம்ப மெதுவாகத்தான் வேலை செய்யும். புத்தி தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தொடாது, ஏனென்றால் இது காய்ச்சல் அல்ல. கல்லீரலுக்குக் கெடுதல்தான் மிச்சம்.

பிழைத்தவர் எப்போது மறுபடி ஓடலாம்? குறைந்தது ஒரு வாரம் எந்தப் பயிற்சியும் கூடாது, கல்லீரல், சிறுநீரகம், தசை தொடர்பான ரத்தப் பரிசோதனைகள் சரியான பிறகு குளிர்ந்த நேரத்தில் மெல்லத் தொடங்கி, சில வாரங்கள் கழித்தே சூட்டில் இறங்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்களின் பொதுவான வழிமுறை. சீக்கிரம் குளிர்விக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் முழுதாகத் திரும்புகிறார்கள். சலாசார் அதே ஃபால்மத் ஓட்டத்தை 1981இலும் 1982இலும் ஜெயித்தார். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த சில மாதங்களில் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் ஓட்டம் நடத்துகிறவர்கள் பதிவுப் படிவத்தில் ரத்த வகைக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்: முன்பு ஹீட் ஸ்ட்ரோக் வந்ததுண்டா, எப்போது. பதில் ஆம் என்றால் அவர்களின் பிப் எண்கள் (ஓடுபவர் மார்பில் குத்தியிருக்கும் எண்) ஏற்றத்தின் அடியில் நிற்கும் தன்னார்வலர் கையில் இருக்க வேண்டும், அலுவலக மடிக்கணினியில் அல்ல.